ஐரோப்பாவின் சைபர் பாதுகாப்பும் டிஜிட்டல் இறையாண்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் வேலை செய்பவர்கள், அங்கே தொழில் நடத்துபவர்கள், சென்னையிலும் கோவையிலும் இருந்து அவர்களுக்கு ஐடி சேவை கொடுப்பவர்கள் என்று பலரிடமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்த ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் இறையாண்மை என்று எல்லாரும் பேசுகிறார்களே, அது என்ன?

உங்கள் அலுவலக மின்னஞ்சல், ஃபைல்கள், சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் ஓடும் மென்பொருளும் சர்வரும் எந்த நாட்டுச் சட்டத்துக்கு, யாருடைய முடிவுக்குக் கட்டுப்பட்டவை, நாளைக்கு அவர்கள் கையை விரித்துவிட்டால் உங்களால் வேலையைத் தொடர முடியுமா என்பதுதான் விஷயம். எல்லாவற்றையும் ஐரோப்பாவிலேயே செய்துவிட வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிப்பிலிருந்து செயலி வரை எதையும் வெளியில் வாங்காத நாடு உலகத்தில் எதுவும் கிடையாது. விலக வேண்டிய நாள் வந்தால் விலக முடிகிற நிலையில் இருப்பது, அதற்கான வழியை இன்றே போட்டு வைத்திருப்பது, ஒரு நிறுவனத்தால் உண்மையில் செய்ய முடிந்தது இவ்வளவுதான். ஆனால் இதைக்கூடப் பெரும்பாலானவர்கள் இன்னும் செய்யவில்லை.

ஏன் திடீரென்று இப்போது இவ்வளவு பேச்சு?

திடீர் இல்லை, பல வருடமாகச் சேர்ந்து வந்தது. சினெர்ஜி ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஐரோப்பிய கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர், சேமிப்பு, மென்பொருள்) சந்தையில் உள்ளூர் நிறுவனங்களின் பங்கு 2017-ல் 29 சதவீதமாக இருந்து 15 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் சேர்ந்து சுமார் 70 சதவீதத்தை வைத்திருக்கின்றன.

பலரை உலுக்கியது 2025-ல் ஹேக் நகரில் நடந்த சம்பவம். அங்கே இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத் தொடுநர் கரீம் கான் மீது அமெரிக்கா பிப்ரவரியில் பொருளாதாரத் தடை விதித்தது. மே மாதம், அவருடைய மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் வேலை செய்யவில்லை, அவர் சுவிஸ் நிறுவனமான புரோட்டானுக்கு மாறினார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. நீதிமன்றத்துக்கான சேவையை ஒருபோதும் நிறுத்தவில்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. உள்ளே என்ன நடந்திருந்தாலும் சரி, ஒரு சர்வதேச நீதிமன்றத்தின் தினசரி வேலை இன்னொரு நாட்டு அரசின் கோபத்துக்கு ஆளாகலாம் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அக்டோபரில் அந்த நீதிமன்றம் ஓப்பன்டெஸ்க் என்ற ஜெர்மானிய ஓபன் சோர்ஸ் (நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய) அலுவலக மென்பொருள் தொகுப்புக்கு மாறப்போவதாகச் செய்தி வந்தது.

எங்கள் சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் இருக்கிறது. அப்புறம் என்ன கவலை?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2013-ல் ஒரு வழக்குக்காக, டப்ளினில் சேமித்திருந்த மின்னஞ்சல்களைத் தரச் சொல்லி அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்டுக்கு வாரண்ட் கொடுத்தது. நிறுவனம் ஒத்துக்கொள்ளாமல் உச்ச நீதிமன்றம் வரை போராடியது. தீர்ப்பு வருவதற்குள் 2018 மார்ச்சில் கிளவுட் ஆக்ட் என்ற அமெரிக்கச் சட்டம் நிறைவேறிவிட்டதால் வழக்கே அர்த்தம் இழந்தது. ஏனென்றால் அந்தச் சட்டப்படி, தரவு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும், அது எந்த நாட்டில் கிடந்தாலும் நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும். ஆகவே டேட்டா சென்டரின் முகவரி பாதிக் கேள்விக்குத்தான் பதில், அதை நடத்தும் நிறுவனத்தின் தலைமையகம் எங்கே என்பது மீதிப் பாதி.

2025 ஜூன் 10 அன்று பிரெஞ்சு செனட் விசாரணையில் மைக்ரோசாஃப்ட் பிரான்சின் சட்ட விவகாரப் பொறுப்பாளரிடம், பிரான்சின் ஒப்புதல் இல்லாமல் பிரெஞ்சு மக்களின் தரவு அமெரிக்க அதிகாரிகள் கைக்குப் போகாது என்று சத்தியப்பிரமாணத்தின் பேரில் உறுதி சொல்ல முடியுமா என்று நேராகக் கேட்டார்கள். உறுதி சொல்ல முடியாது, ஆனால் இதுவரை அப்படி நடந்ததில்லை என்றார். நேர்மையான பதில் என்றே நினைக்கிறேன். நம்மூரில் விற்பனைக்கு வரும் ஆட்களும் அதே நேர்மையோடு பேசினால் நன்றாக இருக்கும்.

தரவு அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்கான ஒப்பந்தமும் நிலையாக நின்றதில்லை. ஆஸ்திரியாவின் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் தொடங்கிவைத்த வழக்குகளால் 2015-ல் ஒன்றும் 2020-ல் ஒன்றும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் விழுந்தன. 2023-ல் மூன்றாவது வந்தது. 2025 செப்டம்பரில் கீழ்நிலை ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டாலும் மேல்முறையீடு போயிருக்கிறது. ஒரு தீர்ப்பில் அடித்தளம் மாறக்கூடிய ஏற்பாட்டின் மேல் முழு வியாபாரத்தையும் கட்டும்போது மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்துவிட்டால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கிவிட்டால்) பிரச்சினை தீர்ந்ததா?

பேக்கப், பழைய ஆவணங்கள் போன்று சும்மா சேமித்து வைக்கும் விஷயங்களுக்குத் தீரும், சாவி உங்களிடம் மட்டும் இருந்தால். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போவதுபோல, கிளவுட் நிறுவனமே சாவியையும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அது வெளித் திருடனிடமிருந்து மட்டும் காப்பாற்றும். மின்னஞ்சலில் தேட வேண்டும், ஆவணத்தைத் திருத்த வேண்டும் என்றால் சர்வர் அதைத் திறந்து படித்தாக வேண்டும், அந்த நேரத்தில் சேமிப்பு என்கிரிப்ஷன் உதவாது. எதற்கு எது என்று பிரித்துப் பார்த்துச் செய்யுங்கள்.

அமெரிக்க நிறுவனங்களே "சாவரின் கிளவுட்" (இறையாண்மையுள்ள கிளவுட்) என்று விற்கிறார்களே, அதை நம்பலாமா?

ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கிறது. அமேசான் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் 780 கோடி யூரோ முதலீட்டுத் திட்டத்தில் தனிக் கிளவுட் அமைத்திருக்கிறது, ஆட்கள் ஐரோப்பியர்கள், நிர்வாகம் தனி, ஆனால் உரிமை தாய் நிறுவனத்திடம். பிரான்சில் வேறு மாதிரி. அங்கே ஆரஞ்சும் காப்ஜெமினியும் சேர்ந்து நடத்தும் ப்ளூ, தாலெஸ் நடத்தும் எஸ்3என்எஸ் இரண்டிலும் உரிமை பிரெஞ்சு நிறுவனங்களிடம், உள்ளே ஓடும் தொழில்நுட்பம் மட்டும் மைக்ரோசாஃப்டுடையதும் கூகுளுடையதும். பிரெஞ்சு சைபர் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கும் செக்நம்கிளவுட் என்ற தகுதிச் சான்று, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள ஒரு பங்குதாரர் 24 சதவீதத்துக்கு மேலும், எல்லாரும் சேர்ந்து 39 சதவீதத்துக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. இப்போதைக்கு எனக்குத் தெரிந்து விளம்பர வார்த்தைகளைத் தாண்டி எண்ணில் பேசும் தெளிவான அளவுகோல் இதுதான்.

விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அமெரிக்காவிலிருந்து அப்டேட் வருவது நின்றுவிட்டால் இந்தக் கிளவுட் எத்தனை மாதம் பாதுகாப்பாக ஓடும்? பதில் எழுத்தில் வந்தால் நல்லது.

ஐரோப்பிய நிறுவனத்துக்கு மாறிவிட்டால் பாதுகாப்பு தானாக வந்துவிடுமா?

வராது. இந்த எண்ணம் ஆபத்தானது, இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன்.

ஜெர்மனியின் ஸூட்வெஸ்ட்ஃபாலன்-ஐடி நகராட்சிகளே சொந்தமாக வைத்திருக்கும் ஐடி நிறுவனம். உரிமை, சர்வர், ஊழியர் எல்லாம் உள்ளூர். 2023 அக்டோபர் 30-ல் அகிரா என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) கும்பல் உள்ளே புகுந்தது, 70-க்கும் மேற்பட்ட நகராட்சிகளின் சேவைகள் முடங்கின, பல இடங்களில் மாதக்கணக்கில் இயல்பு திரும்பவில்லை. நுழைந்த வழி விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் இணைப்பு. அங்கே கடவுச்சொல்லைத் தாண்டிய இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. நாம் பத்து ரூபாய் அனுப்புவதற்குக்கூட ஓடிபி கேட்கும் காலத்தில் ஒரு வட்டாரத்தின் மொத்த அரசு நிர்வாகமும் ஒரே கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

பிரான்சின் கிளவுட் நிறுவனமான ஓவிஎச் இன்னொரு பாடம். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் அதன் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டிய சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே தீயில் போய், வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஐரோப்பியக் கொடி தீயை அணைக்காது.

என்ஐஎஸ்-2 என்கிறார்கள். எங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா?

என்ஐஎஸ்-2 என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்புச் சட்டம். மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, போக்குவரத்து, வங்கி, அரசு நிர்வாகம், டிஜிட்டல் சேவை, அப்புறம் உணவு, ரசாயனம், இயந்திர உற்பத்தி, குப்பை அகற்றுதல் என்று 18 துறைகள். அதில் ஒன்றில் இருந்து, 50 ஊழியர்களோ 1 கோடி யூரோ வருவாயோ தாண்டினால் பெரும்பாலும் பொருந்தும். இணையதளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவை போன்ற சிலவற்றுக்கு அளவே பார்ப்பதில்லை. உறுப்பு நாடுகள் 2024 அக்டோபர் 17-க்குள் இதைத் தங்கள் சட்டமாக்கியிருக்க வேண்டும், பெரும்பாலானவை கெடுவைத் தவறவிட்டன. ஜெர்மனியில் 2025 டிசம்பர் 6-ல்தான் நடைமுறைக்கு வந்தது, அங்கே மட்டும் சுமார் 29,500 நிறுவனங்கள் இதற்குள் வருகின்றன.

பெரிய சம்பவம் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை, 72 மணி நேரத்துக்குள் விவர அறிக்கை, ஒரு மாதத்தில் இறுதி அறிக்கை. அபராதம் முக்கியத் துறைகளில் 1 கோடி யூரோ அல்லது உலகளாவிய வருவாயில் 2 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை போகலாம். மற்றவற்றுக்கு 70 லட்சம் அல்லது 1.4 சதவீதம். ஆனால் எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது அபராதம் இல்லை. நிர்வாகக் குழு தானே பாதுகாப்பு ஏற்பாடுகளை அங்கீகரித்து, பயிற்சியும் எடுத்து, பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கிறது. ஐடி பையன் பார்த்துக்கொள்வான் என்று முதலாளி எழுந்து போகும் பழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைத்தால் அதுவே பெரிய விஷயம்.

டோரா, சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்? இவை வேறா?

இரண்டும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்கள்தான். டோரா வங்கி, காப்பீடு போன்ற நிதித் துறையின் சைபர் பாதுகாப்புக்கு, 2025 ஜனவரி 17 முதல். சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் பொருள்களுக்கு. ரவுட்டர், கேமரா, மென்பொருள் என்று ஐரோப்பாவில் விற்கும் டிஜிட்டல் பொருள் எதையும் செய்பவர்கள் பாதுகாப்பு அப்டேட் கொடுத்தாக வேண்டும், பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு. தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் ஓட்டைகளைத் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11-லிருந்து, முழுச் சட்டம் 2027 டிசம்பர் 11-லிருந்து.

உண்மையில் மாறிக் காட்டியவர்கள் யாராவது உண்டா?

உண்டு, பார்க்க வேண்டியவர்கள். வடக்கு ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு மைக்ரோசாஃப்ட் ஆபிஸை விட்டு லிப்ரே ஆபிஸுக்கு மாறுவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 அக்டோபருக்குள் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளையும் 10 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல், நாட்காட்டிப் பதிவுகளையும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓபன் சோர்ஸ் மின்னஞ்சல் மென்பொருள்களான ஓப்பன்-எக்ஸ்சேஞ்சுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாற்றி முடித்தது. நடுவே ஊழியர்களிடமிருந்து நிறையப் புகார் வந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. பழகிய கருவியை ஒருவர் கையிலிருந்து பிடுங்கினால் கோபம் வரத்தான் செய்யும், பயிற்சிக்கும் பொறுமைக்கும் பணமும் நேரமும் ஒதுக்காமல் இதில் இறங்கவே கூடாது. லைசென்ஸ் செலவில் 1.5 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம், மாற்றத்துக்கான ஒருமுறைச் செலவு 90 லட்சம் என்பது 2026-க்கு அந்த மாநில அமைச்சகம் சொல்லும் கணக்கு.

பிரெஞ்சு ஜாந்தர்மரி காவல் படை 2008 முதல் படிப்படியாக உபுண்டு என்ற லினக்ஸ் (ஓபன் சோர்ஸ்) இயங்குதளத்துக்குப் போய், ஏறக்குறைய 1 லட்சம் கணினிகளை அதில் ஓட்டுகிறது. சத்தமே இல்லாமல் செய்தார்கள். முதலில் ஆபிஸ் மென்பொருள், அப்புறம் பிரவுசர், கடைசியில்தான் இயங்குதளம். அந்த வரிசைதான் அவர்கள் வெற்றியின் காரணம் என்று நினைக்கிறேன். மியூனிக் நகரம் 2003-ல் லினக்ஸுக்கு முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. தொழில்நுட்பம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், அரசியல் தலைமை மாறியதும் ஆதரவு போய்விட்டது.

நாங்கள் 60 பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். எங்கே தொடங்குவது?

கிளவுடை மாற்றுவதில் தொடங்காதீர்கள். முதலில் எல்லா வெளி நுழைவுக்கும் இரண்டாம் சரிபார்ப்பு, முடிந்தால் ஃபிஷிங்கில் (போலித் தளத்தைக் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிப்பதில்) ஏமாறாத பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் கருவியிலேயே இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது கையில் வைத்திருக்கும் பாதுகாப்புச் சாவி. நிர்வாகி கணக்குகளை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொல்லி உதவி மேசைக்கு ஃபோன் வந்தால், பதிவில் இருக்கும் எண்ணுக்குத் திருப்பி அழைத்துப் பேசிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். 2025-ல் பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்குள் ஆள்மாறாட்டம் செய்துதான் நுழைந்தார்கள், லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு அடி விழும் என்று நிறுவனமே சொன்னது.

அயர்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 2021 மார்ச் 18-ல் ஒருவர் ஒரு எக்செல் ஃபைலைத் திறந்தார், ரான்சம்வேர் வெடித்தது மே 14-ல். நடுவில் இருந்த எட்டு வாரமும் கும்பல் உள்ளேயே நடமாடியது. எச்சரிக்கை ஒலிகளும் வந்தன, அவற்றைச் சரியாகப் பின்தொடரத்தான் ஆளில்லை. ஆகவே கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கை, அது கத்தும்போது எழுந்து பார்க்கும் மனிதருக்கு ஒதுக்குங்கள்.

பேக்கப் எடுக்கிறோம். அது போதும்தானே?

கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்? 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் தாக்கியபோது, உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான டென்மார்க்கின் மேர்ஸ்க்கிடம் சர்வர் பேக்கப் இருந்தது. யார் உள்ளே நுழையலாம் என்று முடிவு செய்யும் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு மட்டும் தனி பேக்கப் இல்லை. ஒன்று அழிந்தால் மற்றொன்றிலிருந்து எடுக்கலாம் என்று நினைத்திருந்தார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யோசிக்கவில்லை. ஒன்றே ஒன்று தப்பியது. கானாவில் கரண்ட் போய் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒன்று. அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லாததால் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு நைஜீரியா விமான நிலையத்துக்குப் போய் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவினார்கள், இழப்பு 25 முதல் 30 கோடி டாலர்.

ஒரு பிரதியாவது நெட்வொர்க்கிலிருந்து முழுதும் துண்டாக, வேறு ஊரில், உங்கள் நிர்வாகி கணக்காலும் அழிக்க முடியாதபடி இருக்கட்டும். பயனர் பட்டியல், சான்றிதழ்கள், சாவிகள், அமைப்பு விவரங்கள் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா ஆக்ட் உங்கள் கையில் நல்ல ஆயுதம். கிளவுட் சேவையை மாற்ற அதிகபட்சம் இரண்டு மாத முன்னறிவிப்பு போதும். 2027 ஜனவரி 12-க்குப் பிறகு மாறுவதற்கென்று கட்டணமே வாங்கக் கூடாது. ஆனால் உரிமை இருப்பது வேறு, முடிவது வேறு. ஒரே நிறுவனத்தின் பிரத்யேக டேட்டாபேஸிலும் கருவிகளிலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் சட்டம் கதவைத் திறந்துவிட்டாலும் நீங்கள் வெளியே வர இரண்டு வருடம் ஆகும். புதிதாக எழுதும் எதையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போன்ற, எங்கும் ஓடக்கூடிய பொதுக் கருவிகளில் எழுதுவது செலவில்லாத முதல் படி.

நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்ற ஷரத்தையும் பாருங்கள். நெதர்லாந்து மக்கள் அரசு சேவைகளுக்கு உள்நுழையும் டிஜிடி, சால்வினிட்டி என்ற டச்சு நிறுவனத்தின் கட்டமைப்பில் ஓடுகிறது. அதை வாங்கப்போவதாக 2025 நவம்பரில் அமெரிக்க ஐடி நிறுவனமான கிண்ட்ரில் அறிவித்ததும் அங்கே பெரிய விவாதம் வெடித்தது.

ஓபன் சோர்ஸ் என்றால் பாதுகாப்பா?

திறந்து பார்க்கலாம், யாராவது பார்த்தால்தான் பயன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரலில் திட்டமிட்டு நுழைத்த பின்வாசலை (ரகசிய நுழைவு வழியை), உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அந்த நிரலைப் பராமரித்தவர் சம்பளம் இல்லாமல், தனியாக, சோர்ந்துபோன நிலையில் இருந்தவர். அந்தச் சோர்வைத்தான் தாக்கியவர்கள் பயன்படுத்தினார்கள். ஜெர்மனி 2022-ல் சாவரின் டெக் ஃபண்ட் தொடங்கி இப்படிப்பட்ட அடிப்படை நிரல்களுக்குப் பணம் கொடுக்கிறது. லைசென்ஸில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் ஒரு பகுதியைப் பராமரிப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னையில் உட்கார்ந்து ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறோம். எங்களுக்கு என்ன?

நிறைய. என்ஐஎஸ்-2 சப்ளையர்களின் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதால் கேள்விப் பட்டியல்களும் தணிக்கைகளும் உங்கள் மேசைக்கு வரும். டோராவின்கீழ் ஐரோப்பிய நிதி மேற்பார்வை அமைப்புகள் 2025 நவம்பரில் அறிவித்த 19 முக்கிய தொழில்நுட்ப நிறுவனங்களில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸும் ஒன்று. சின்ன நிறுவனமாக இருந்தால் வாடிக்கையாளர் சிஸ்டத்துக்குள் நுழையும் கணக்குகள் ஆளுக்கு ஒன்றாக, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும், பதிவோடு இருக்கட்டும். நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

தாக்கிவிட்டார்கள். முதல் மணி நேரத்தில் என்ன செய்வது?

கணினிகளை நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள், ஆனால் அவசரத்தில் அணைத்துவிடாதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் போய்விடும். கும்பல் உங்கள் மின்னஞ்சலையும் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் பேச்சை ஃபோனுக்கு மாற்றுங்கள். அதற்குத் தேவையான எண்கள் முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும். நாட்டின் சைபர் அவசர உதவிக் குழுவுக்குச் சொல்லுங்கள், 24 மணி நேரக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. தனிநபர் தரவு கசிந்திருந்தால் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் படி 72 மணி நேரத்தில் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் டச்சுக் காவல் துறையும் ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் உங்களைத் தாக்கிய வகைக்கு இலவச மீட்புக் கருவி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்காமல் வைத்திருங்கள், அதற்கான சாவி பின்னால் வெளிவரலாம்.